மழை மாறிய வருடமும் சாகுல் பாயின் ஆடுகளும்

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவர் என்று சொன்னால் பூனைக்குத் தடுப்பூசி போடுகிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் சொந்த அக்காவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "ஆடு மாடெல்லாம் இங்க எங்கடி இருக்கு?" என்று பிடோக் வீட்டில் கறியைக் கிளறிக்கொண்டே கேட்பாள். இருக்கிறது. தீவின் வடமேற்கு மூலையில், கிராஞ்சி பக்கம், பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் அப்பால் இருக்கிறது. வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களையும் சீக்கிரமே அங்கே அனுப்புவார்கள். போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம், உங்களுக்கென்று வேறு தப்புகள் காத்திருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. அனுபவம் குறைந்த காலத்தில் செய்த தப்பு என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு முற்றிப் பழுத்திருந்த காலம் அது.

சாகுல் பாய் கடையநல்லூர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது சிராங்கூன் ரோட்டில். அண்ணன் தம்பிகள் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்ள, இவர் மட்டும் கிராஞ்சியில் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பால் ஆடு வளர்க்கப் போய்விட்டார். நாற்பது ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் தடுப்பு கட்டி மாடும் ஆடும் நிறுத்தி வைப்பார்கள் அல்லவா, அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்காக? அந்த ஆடுகள் பாயுடையவை. முஸ்லிம் ஒருவர் பொங்கலுக்கு ஆடு கொண்டுவருவதை வெளியூர்க்காரர்கள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். பாய்க்கு அந்தக் கேள்வியே புரியாது. "என் ஆட்ட நாலு பேரு பாக்கணும்ல?" என்பார்.

பாய்க்கு ஒரு பெருமை உண்டு. மற்ற பண்ணைக்காரர்கள் கப்பலில் வரும் உலர்ந்த புல்லை மூட்டை மூட்டையாக வாங்கிப் போடுவார்கள். பாய் அதைத் தொடமாட்டார். "என் ஆடு காஞ்ச புல்லு திங்காது டாக்டரம்மா. பனி காயுறதுக்குள்ள அறுத்த பச்சப் புல்லுதான்." கொட்டகைக்குப் பின்னால் ஒரு புல்வெளி வைத்திருந்தார். விடிந்ததும் முருகேசன் போய் அடியோடு அறுத்துக்கொண்டு வருவார். முருகேசன் புதுக்கோட்டைக்காரர், ஐம்பது வயது, பாயிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். பொங்கல் நெருங்க நெருங்கப் பச்சைப் புல்லின் அளவைக் கூட்டுவார்கள், ஆடுகளின் உடம்பு பளபளக்க வேண்டும் என்பதற்காக.

எனக்கும் ஒரு பெருமை இருந்தது. அது பாயின் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கியது. ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் அட்டவணை. மே மாதம் ஒரு தடவை, மழைக்கால ஆரம்பத்தில் நவம்பரில் ஒரு தடவை, எல்லா ஆடுகளுக்கும். நானே தயாரித்து, மழையில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தது. எத்தனையோ வருடம் அது பிசகாமல் வேலை செய்தது. ஏன் வேலை செய்தது என்று நான் யோசித்ததே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இங்கே நல்ல வெயில் அடிக்கும், புல் தரை காய்ந்துபோகும், புல்லில் கிடக்கும் புழுக்குஞ்சுகளும் காய்ந்து சாகும். வேலை செய்தது வெயில். பெயர் வாங்கியது நான்.

அந்த வருடம் வெயில் வரவில்லை. சீனப் புத்தாண்டு முடிந்தும் மழை நிற்கவில்லை. ஜூன், ஜூலையிலும் இரண்டு நாளைக்கு ஒரு மழை. மூங்கில் கழியில் போட்ட துணி காயவில்லை என்று அக்கா தினமும் புலம்பினாள். வருடம் முழுக்க ஈரம் போகவில்லை என்று எனக்கு வீட்டிலேயே ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்கிக்கொள் என்றேன், அவ்வளவுதான். நவம்பர் வந்தது. அட்டவணைப்படி எல்லா ஆடுகளுக்கும் மருந்து கொடுத்துவிட்டு, பாய் போட்டுக் கொடுத்த இஞ்சி டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் நடுவில் பாய் போன் செய்தார். ஓர் ஆடு செத்துவிட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் தின்னுச்சு. தாடைக்குக் கீழ மட்டும் பை மாதிரி வீங்கி இருந்துச்சு, டாக்டரம்மா." நான் போய் மற்ற ஆடுகளின் புழுக்கையைப் பார்த்தேன். உருண்டையாக, கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கழிச்சல் இல்லை, அதனால் குடற்புழு இல்லை என்று முடிவு கட்டினேன். நவம்பரில்தானே மருந்து கொடுத்தோம் என்ற தெம்பு வேறு. தீவனத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாளில் இன்னும் இரண்டு ஆடுகள் செத்தன.

மூன்றாவதை அறுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரைப்பை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போல மெல்லிய புழுக்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன. இந்தப் புழு கழிச்சல் உண்டாக்காது, ரத்தத்தைக் குடிக்கும். ரத்தம் வற்றி, தாடையில் நீர் கோத்து, ஆடு நின்ற இடத்திலேயே சாயும். இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்திருந்தால் ரத்தம் வற்றிய வெளுப்பு முதல் நாளே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பதற்றத்தில் அடுத்த தப்பையும் செய்தேன். அதே மருந்தை எல்லா ஆடுகளுக்கும் மறுபடி கொடுத்தேன். ஒரு வாரத்தில் நான்காவது ஆடும் போனது.

அன்று பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்: "பொங்கலுக்கு இந்த வருஷம் ஆடு இல்லன்னு சொல்லிடுறேன், டாக்டரம்மா. பொங்கல் முடிஞ்சதும் கொட்டகையையும் மூடிடலாம்னு இருக்கேன். ஒண்ணு ஒண்ணா சாகுறத பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியல." அண்ணன்மார் கடையில் ஓர் ஓரமாகப் போய் உட்காரப் போகிறேன் என்றார். இருபது வருட உழைப்பை மூடப் போகிறார், காரணம் என் அட்டவணை.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். உதவியாளர் என்பதுதான் அவர் பதவி. ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு நுண்ணோக்கி பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் தடவை மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த புழுக்கையை அவரிடம் கொடுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் மலாயில் ஐயோ போட்டு, "அலாமாக், டாக்டர்! பிஃபோர், ஆஃப்டர், சேம் சேம் லா," என்றார். மருந்துக்கு முன் எத்தனை புழு முட்டை இருந்ததோ, மருந்துக்குப் பிறகும் ஏறக்குறைய அத்தனை. நான் உடனே அடுத்த மருந்தின் பெயரைச் சொல்லி, அதைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சாப்பாடு பாத்தீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழ். முதலில் என்னைத்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஆடு என்ன தின்கிறது என்று நான் பார்த்தேனா?

நேராகக் கிராஞ்சிக்குப் போனேன். மருந்துப் பையைக் காரிலேயே வைத்துவிட்டு முருகேசனைக் கூப்பிட்டேன். "இந்த ஆடுகள்ல எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன். இத்தனை நாளும் எது நோயாக இருக்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்த ஓரத்துல ரெண்டு நொண்டி ஆடு இருக்கு பாருங்க மேடம், அதுக ரெண்டும் ஜம்முனு இருக்கு."

"அதுங்க மட்டும் எப்படி?"

"கால் சரியில்லன்னு தனியா கட்டிருக்கோம். அங்க பச்சப் புல்லு போடுறதில்ல. பக்கத்துப் பண்ணையில குடுத்த மூட்டைப் புல்லுதான் திங்குதுக. பாய்க்கு அதுல வருத்தம்."

இரண்டின் கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. பக்கத்தில் நின்ற மற்றோர் ஆட்டின் இமையை இழுத்தேன். வெள்ளைத் தாள். 

"புழுக்கையை எங்க கொட்டுறீங்க முருகேசன்?"

"புல்லுக்குத்தான் மேடம். எங்க ஊர்ல அப்படித்தானே? அள்ளிப் போட்டுட்டா மிச்சத்த வெயில் பாத்துக்கும்."

புதுக்கோட்டை வெயில் பார்த்துக்கொள்ளும். முந்தைய வருடங்களில் கிராஞ்சி வெயிலும் எப்படியோ பார்த்துக்கொண்டது. இந்த வருடம் பார்த்துக்கொள்ள வெயில் இல்லை. புல்வெளியில் கால் வைத்தேன், செருப்பு புதைந்தது. புழுக்கையில் முட்டை, முட்டையிலிருந்து ஒரே வாரத்தில் குஞ்சு, குஞ்சு ஈரத்தோடு ஈரமாகப் புல்லின் அடித்தண்டில் ஏறும். விடிகாலை ஈரத்தில்தான் அது மேலே இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் அடியோடு அறுத்து, ஆசையாசையாக ஆட்டின் வாயில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்காகக் கூடுதலாக வேறு.

பாயை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு புல்லில் மட்டும் இல்லை, என்னிடமும்தான் என்றேன். மழை மாறியதைப் பார்க்காமல் அட்டவணையை நம்பினேன், வருடக்கணக்காக ஒரே மருந்தை எல்லா ஆடுகளுக்கும் கொடுத்து அந்த மருந்துக்கு அசையாத புழுவை நானே வளர்த்துவிட்டேன், உங்கள் நான்கு ஆடுகளுக்கும் நான்தான் பொறுப்பு என்றேன்.  நீங்கள் இப்படி ஒருநாள் சொல்ல வேண்டி வரும். சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகுதான் எனக்குத் தலை தெளிந்து வேலை செய்தது.

பாய் பதில் சொல்வதற்குள் முருகேசன் ஓடி வந்தார். ராணி படுத்துவிட்டது. ராணி பாயின் முதல் ஆட்டின் பேத்தி, லிட்டில் இந்தியாவில் பிள்ளைகள் தேடி வந்து தடவும் ஆடு. மூச்சு வாங்கியது, ஈறு வெளுத்திருந்தது. எந்த மருந்தும் வேலை செய்ய நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரம் ராணிக்கு இல்லை. ரத்தம்தான் வேண்டும். கொட்டகையில் நின்று ஆட்டுக்கு ரத்தம் ஏற்றியதில்லை நான், மருத்துவமனை மேசையில் ஒரே ஒரு தடவை செய்திருக்கிறேன். கொட்டகையில் இருந்த கிடாவின் இமையைப் பார்த்தேன், சிவப்பு. "பாய், கிடாவைப் பிடிங்க," என்றேன்.

"ஆட்டு ரத்தத்த ஆட்டுக்கா? ஒத்துக்குமா?"

"முதல் தடவை பெரும்பாலும் ஒத்துக்கும். ஏத்தலன்னா சாயங்காலம் ராணி இருக்காது."

பாய் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முருகேசன் ராணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பட்டப்பகலில் மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருக்க, ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்கு ஏற்றினோம். மெதுவாக, சொட்டுச் சொட்டாக. ஒரு மணி நேரம் பிடித்தது. பாதியில் ராணி காதை ஆட்டியது. முழுவதும் ஏறி முடிந்து கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, முருகேசன் சட்டைப் பொத்தானைக் கடித்தது. நாங்கள் மூன்று பேரும் கத்திய கத்தலில் கிடா மிரண்டு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டது.

சந்தோஷத்தோடு சந்தோஷமாக அடுத்த சண்டை ஆரம்பித்தது. மிச்சமிருந்த முப்பத்தாறு ஆடுகளின் இமையையும் பார்த்தேன். பதினொன்று வெளுத்திருந்தன. அந்தப் பதினொன்றுக்கு மட்டும் வேறு வகை மருந்து, மற்றவைக்கு ஒன்றும் கிடையாது என்றேன். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் குடுத்துடுங்க டாக்டரம்மா! அதுங்க வயித்துலயும் பூச்சி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பூச்சிய வச்சிக்கிட்டே விடச் சொல்றீங்களா?"

"ஆமா, விடத்தான் சொல்றேன். எல்லாத்துக்கும் குடுத்தா மருந்துக்குச் சாகாத பூச்சி மட்டும் மிஞ்சும். புல்லு பூரா அது குட்டி போடும். ரெண்டு வருஷத்துல இந்த மருந்தும் செத்துடும், அப்புறம் குடுக்க என்கிட்ட ஒண்ணுமே இருக்காது பாய். செவப்பா இருக்குற ஆடு தாங்குது. அதுங்க வயித்துல மருந்துக்குச் சாகுற பூச்சி கொஞ்சம் இருக்கட்டும்."

நோயாளியின் வயிற்றில் புழு இருக்கிறது என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டம். உங்களுக்கு இது சீக்கிரமே தெரியவரும். பாய் வெளுத்த பதினொன்றையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு, "சரி. ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்களே வந்து எல்லாக் கண்ணையும் பாக்கணும். வேற ஆள அனுப்பக் கூடாது," என்றார். வந்தேன். பிடோக்கிலிருந்து கிராஞ்சி வரை தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள். அலுவலகத்தில் இளையவர்கள் எனக்கு இமை டாக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

புழுக்கையைப் புல்லில் கொட்டுவது நின்றது. குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, தானாகச் சூடேறி மட்க விட்டோம். புல்லில் ஈரம் காய்ந்த பிறகுதான் அறுப்பது, அதுவும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு. மழை நாளில் மூட்டைப் புல் மட்டும். மூட்டைப் புல்லைக் கொட்டகைக்குள் தூக்கி வந்த அன்று பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "வெயில் ஏறி அறுத்தா புல்லு வாடிடுமே மேடம்," என்று முருகேசனும் இழுத்தார். வாடட்டும் என்றேன்.

ஆறாம் நாள் சோதனை வந்தது. சிவப்பாக இருந்த ஆடுகளில் ஒன்று வெளுத்துவிட்டது. பாய் என் மருந்துப் பையைத் தானே திறந்துவிட்டார். லிட்டில் இந்தியாவில் பொங்கலுக்கு ஏற்பாடு செய்கிறவரும் அதே நேரம் பார்த்து எனக்குப் போன் செய்தார்: "டாக்டர், பாய் இல்லன்னு சொல்லிட்டாரு, ஆடு வருமா வராதா? பேனர் அடிக்கணும் லா." ஒரு காதில் போன், எதிரே பாய். அந்த ஒரு நிமிடத்தில், எல்லாவற்றுக்கும் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. கொடுத்திருந்தால் பாய் நிம்மதியாகத் தூங்குவார், நானும் தூங்குவேன். ஆனால் மற்ற இமைகள் சிவப்பாகவே இருந்தன, கொடுத்தால் அது என் பயத்துக்குக் கொடுக்கும் மருந்தாகத்தான் இருக்கும். வெளுத்த அந்த ஓர் ஆட்டுக்கு மட்டும் கொடுத்தேன். "பொங்கலுக்கு முந்தின நாள் சொல்றேன். பேனர்ல ஆடு படம் போட்டுக்குங்க," என்று போனில் சொல்லிவிட்டேன். தைரியம்தான்.

அதற்குப் பிறகு ஓர் ஆடும் வெளுக்கவில்லை, ஓர் ஆடும் சாகவில்லை. பத்து நாள் கழித்துப் பதினொன்றின் புழுக்கையையும் ஆய்வகத்தில் கொடுத்தேன். அந்தப் பெண்மணி பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து, என்னை உட்காரவைத்து, நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினார். தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றிரண்டு முட்டைகள்தான். இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டோம்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் பாயே ஒவ்வோர் ஆட்டின் இமையையும் இழுத்துக் காட்ட, நான் எட்டு ஆடுகளைத் தேர்ந்தெடுத்தேன். வண்டிப் பயணமும் கூட்டமும் தாங்குகிற ஆடுகளாகப் பார்த்து எடுத்தேன். ராணியை வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மூன்று வாரத்துக்கு முன் சாகக் கிடந்த ஆடு. இமையை இழுத்தேன், சிவப்பு. மறுபடி இழுத்தேன், சிவப்பு. ஏற்றச் சொன்னேன்.

லிட்டில் இந்தியாவில் அன்று கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையுமாக நடக்க இடமில்லை. தடுப்புக்குள் எட்டு ஆடுகளும் பளபளவென்று நின்றன. நான் புடவை கட்டிக்கொண்டு சும்மா வேடிக்கை பார்க்க வந்தவளைப் போல ஓரமாக நின்றேன். பாய் சும்மா நிற்கவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, ராணியின் கீழ் இமையை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களாம்மா, செவப்பு! இப்படி இருந்தாத்தான் ஆடு நல்ல ஆடு. மழ ஜாஸ்தியான வருஷம் இதத்தான் பாக்கணும்." பூ வாங்க வந்த ஓர் அம்மா ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுத் தன் பேரனின் இமையை இழுத்துப் பார்த்தார்.

ஏற்பாடு செய்கிறவர் வேர்த்து வழிய வந்தார். டிசம்பரில் பாய் அவரிடமும் கொட்டகையை மூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "பாய், அப்போ அடுத்த வருஷம் நாங்க வேற எங்கயாச்சும் ஆடு பாக்கணுமா?"

பாய் ராணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். தடுப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"வேற எங்கயா? இந்த எடம் பத்தாது தம்பி. அடுத்த வருஷம் இதப்போல ரெண்டு மடங்கு கட்டி வைங்க. நான் இருபது கொண்டாறேன்."